கீரிப்பிள்ளை கதைக்கு ‘அவசரப்படக் கூடாது’ மட்டும்தான் மையக்கருத்தா?

ஐந்தாம்வகுப்பு_அம்மா:
என் மகன் எந்தக் கதையைக் கொடுத்தாலும் கடகடவென்று படித்துவிடுவான், நடந்ததை வரிசையாகச் சொல்லவும் செய்வான். மையக்கருத்து என்ன என்று கேட்டால் மட்டும் ‘நல்லவனாக இருக்க வேண்டும்’, ‘பொய் சொல்லக் கூடாது’ இரண்டில் ஒன்று. நேற்று கீரிப்பிள்ளை கதை. தொட்டில் பக்கம் வந்த பாம்பைக் கடித்துக் கொன்ற கீரியை, அதன் வாயில் இருந்த ரத்தத்தைப் பார்த்துத் தாயே கொன்றுவிடுகிறாள் இல்லையா, அதற்கு ‘பாம்பிடம் கவனமாக இருக்க வேண்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறான்! ‘அவசரப்படக் கூடாது’ என்று நான் சொன்னேன், அப்படியே எழுதிக்கொண்டான். அது என் பதில், அவனுடையது இல்லையே. அவனாகவே கண்டுபிடிக்க எப்படிப் பழக்குவது?

கரும்பலகை:
நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மையக்கருத்து என்ற சொல்லையே கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். அதைக் கேட்டாலே பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு நீதி தேடப் போய்விடுகிறார்கள். இரண்டாவது முறை மெதுவாகப் படிக்கச் சொல்லி, தாய் தண்ணீர்க் குடத்தோடு வீட்டு வாசலுக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். அவள் கண்ணில் பட்டது என்ன? ரத்தம். படாதது என்ன? தொட்டிலும் செத்த பாம்பும். கீரி ஏன் வாசலுக்கே ஓடி வந்தது? இந்தக் கேள்விக்கு என் வகுப்பில் நிறைய நேரம் பேசினோம்.

அப்புறம் ஒரு சிறுமி, ‘டீச்சர், அவங்களுக்கு முதலிலேயே கீரி மேல நம்பிக்கை இல்லை’ என்றாள். எந்த வரியில் இருக்கிறது, விரலை வை என்றேன். தண்ணீர் எடுக்கக் கிளம்பும்போது, கீரியிடமிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி கணவனிடம் சொல்லிவிட்டுப் போகிறாள், அந்த வரியில் வைத்தாள். பஞ்சதந்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. அப்படியானால் கீரி மேல் குடத்தைப் போட்டுக் கொன்றது அவசரம் மட்டும்தானா, மனதில் ஏற்கெனவே இருந்த சந்தேகமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. நான் தீர்ப்பு சொல்லவில்லை. எந்தப் பதிலானாலும் சரி, விரல் வைக்க ஒரு வரி இருக்க வேண்டும். இது ஒன்றுதான் என் சட்டம்.

பழையவாசகன்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சதந்திரத்தில் இந்தக் கதை ஐந்தாவது தந்திரத்தில் வருகிறது, ஆராயாமல் செய்யும் செயலைப் பற்றிய பகுதி அது. அங்கே இருப்பதால் ‘ஆராய்ந்து செய்’ என்று படிக்கிறோம். இதே சம்பவம் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் வருகிறது, ஆனால் அங்கே கீரி இறந்ததோடு முடிவதில்லை. கணவன் அவளை விட்டுப் போய்விடுகிறான், அவள் தெருவில் அலைகிறாள், கோவலன் கூப்பிட்டு விசாரித்து, பாவம் தீரத் தானம் செய்து, பொருளும் கொடுத்து, காட்டுக்குப் போன கணவனையும் சேர்த்துவைக்கிறான். இரண்டையும் எளிய தமிழில் சொல்லி, ‘இந்தக் கதை யாரைப் பற்றியது?’ என்று கேட்டுப் பாருங்கள். கதையை எங்கே நிறுத்துகிறோமோ அதைப் பொறுத்துக் கருத்தும் மாறுவது பிள்ளைகளுக்குத் தானே பிடிபடும்.

மாடித்தோட்டம்:
ஒரு கதைக்கு இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம் தோழி. என் பெண்ணிடம் வரிக்கு வரி கேட்டே கதைப்புத்தகம் என்றாலே ஓடும்படி செய்துவிட்டேன், திரும்பப் பக்கத்தில் உட்காரவைக்க ஒரு வருடம் ஆனது. தூங்கும்போது சொல்லும் கதையில் கேள்வியே கேட்காதீர்கள்.

ஐந்தாம்வகுப்பு_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை வாசல் இடத்தில் நிறுத்தி, கீரி ஏன் ஓடி வந்தது என்று மட்டும் கேட்டேன். ‘பாம்பைக் கொன்னுட்டேன்னு அம்மாகிட்ட சொல்ல வந்துச்சு, ஆனா அதுக்குப் பேசத் தெரியாது’ என்றான். எந்த வரி என்றேன். கொஞ்ச நேரம் தேடி, ‘வாலை ஆட்டிக்கொண்டு வந்தது’ என்ற இடத்தில் விரலை வைத்தான். நானும் அந்தக் கதையைப் பத்து முறையாவது படித்திருப்பேன், அந்த வாலைப் பார்த்ததே இல்லை.