உதவி: சந்தைப் படத்துல வச்ச புள்ளிங்க போன்ல இடம் மாறிப் போகுது

எட்டாம்வகுப்பு_டீச்சர் (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். வேலூர் பக்கம் ஒரு பள்ளியில சமூக அறிவியல் எடுக்கிறேன். தூத்துக்குடி பக்கத்துப் பள்ளி ஒன்னோட சேர்ந்து ஒரு வேலை நடக்குது. ரெண்டு வகுப்பும் அவங்கவங்க ஊர்ல ஒரே ஒரு போட்டோ எடுக்கணும். அதுமேல ஆளுக்கொரு புள்ளி. புள்ளியைத் தொட்டா அந்தப் பிள்ளை எழுதினதோ பேசினதோ திறக்கும். அவங்க உப்பளம். நாங்க பொய்கை மாட்டுச் சந்தை.

சந்தை செவ்வாய்தானே, பள்ளி நாள்ல முடியாது. காலாண்டு லீவுல ஒரு செவ்வாய் விடியக்காலையில போய், ஒரு பெற்றோர் மினி லாரி மேல ஏறி எடுத்தோம். படம் 1200க்கு 900. மொத்தம் 31 புள்ளி. எங்க அக்கா பையன் ஒரு வெப் பக்கமா எழுதிக் குடுத்துட்டு, பரீட்சைன்னு போனவன் போன் எடுக்கல.

லேப் கம்ப்யூட்டர்ல அச்சு மாதிரி இருக்கு. போன்ல திறந்தா மூணு நாலு புள்ளி தவிர மத்ததெல்லாம் படத்துக்கு வெளியே வெள்ளைப் பகுதியில கிடக்கு. உள்ள இருக்கிறதும் தப்பு. "மாட்டுப் பல்லைத் தொடுங்க"ன்னு எழுதியிருக்கு, அந்தப் புள்ளி டீக்கடை பாய்லர் மேல நிக்குது.

இன்னும் ரெண்டு தொல்லை. பிள்ளைங்க எல்லாரும் ஒரே ஃபைலைத் திருத்துறாங்க, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் அழிச்சுடறாங்க. அப்புறம் தாத்தா பாட்டிகிட்ட எடுத்த வாய்ஸ் நோட் சில போன்ல ஓடவே மாட்டேங்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். யாராவது வழி சொல்லுங்க.

ராணிப்பேட்டை_ராஜா

கேஷ் கிளியர் பண்ணிட்டு போனை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க டீச்சர்.

எட்டாம்வகுப்பு_டீச்சர்

11 பெற்றோர் போன்ல பார்த்தாச்சு சார். எல்லாத்துலயும் பாய்லர்தான்.

அகழிக்கரை

தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வேலூர்னா கோட்டை. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, ஜலகண்டேஸ்வரர் கோயில், அகழி, ஒரே மதிலுக்குள்ள கோயில், சர்ச், மசூதி. வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு அதைக் காட்டாம மாட்டைக் காட்டறீங்களே?

எட்டாம்வகுப்பு_டீச்சர்

போன வருஷம் கோட்டைதான் சார் செஞ்சோம். 28 பிள்ளை, 28 புள்ளி, எல்லாம் ஒரே இடத்துல இருந்து காப்பியடிச்சது. திருத்தும்போதே எனக்குத் தூக்கம் வந்துச்சு. இந்த வருஷம் மாட்டுப் பல்லுக்கு ஒரு பொண்ணு எழுதினதை அப்படியே போடறேன்:

"மாட்டுக்கு மேல முன்பல்லு கிடையாது. கீழ எட்டுதான். பால்பல்லு விழுந்து ரெண்டு பல்லு போட்டிருந்தா வயசு ரெண்டு, ரெண்டரை. எட்டும் போட்டுடுச்சுன்னா நாலைஞ்சுக்கு மேல. அதுக்கப்புறம் விக்கிறவர் சொல்றதுதான் வயசு."

கோட்டையைப் பத்தி இந்த மாதிரி எழுத அவளுக்கு என்ன இருக்கு?

காட்பாடி_கோடிங்

டீச்சர், போன் மேல தப்பில்ல. உங்க அக்கா பையன் புள்ளியோட இடத்தைப் பிக்சல்ல எழுதியிருப்பான். பல்லுப் புள்ளி இடமிருந்து 300, மேலிருந்து 200ன்னு இருக்கும். 1200 அகலப் படத்துல அது மாட்டு வாய். போன்ல படம் 360 அகலத்துக்குச் சுருங்கிடுது, ஆனா புள்ளி அதே 300, 200லதான் நிக்கும். 360ல 300ன்னா வலது ஓரம். அங்கதான் உங்க டீக்கடை.

எல்லாத்தையும் சதவீதமா மாத்துங்க. 300ஐ 1200ஆல வகுத்தா 25 சதவீதம். 200ஐ 900ஆல வகுத்தா 22.2. படத்தையும் புள்ளிகளையும் ஒரே டிவ்வுக்குள்ள (வெப் பக்கத்துல ஒரு பெட்டி மாதிரி) வச்சு, அந்த டிவ்வுக்கு பொசிஷன் ரிலேட்டிவ், புள்ளிக்கு அப்சல்யூட். படத்துக்கு அகலம் 100 சதவீதம், உயரம் ஆட்டோ. 31 வகுத்தலையும் பிள்ளைங்களையே போடச் சொல்லுங்க, கணக்கு வாத்தியார் சந்தோஷப்படுவார்.

எட்டாம்வகுப்பு_டீச்சர் (திங்கள், மாலை 5.15)

போட்டாச்சு தம்பி. இடவலம் சரியாயிடுச்சு. ஆனா போன்ல எல்லாப் புள்ளியும் கொஞ்சம் கீழ இறங்கி நிக்குது. மேல இருக்கிறது கொஞ்சமா, கீழ இருக்கிறது அதிகமா. பல்லுப் புள்ளி இப்போ தாடைக்குக் கீழ. லேப்ல அவ்வளவா தெரியல.

காட்பாடி_கோடிங்

படத்துக்கு அடியில ஏதாவது எழுதியிருக்கீங்களா? அதே டிவ்வுக்குள்ள?

எட்டாம்வகுப்பு_டீச்சர்

ஆமா. "பொய்கை சந்தை, எட்டாம் வகுப்பு"ன்னு தொடங்கி படம் எடுக்க விட்டவங்களுக்கெல்லாம் நன்றி. லேப்ல ஒரு வரி, போன்ல அஞ்சு வரி.

காட்பாடி_கோடிங்

மாட்டிக்கிச்சு. மேலிருந்து 22 சதவீதம்னா படத்தோட உயரத்துல இல்ல, டிவ்வோட உயரத்துல 22. நன்றி சொன்ன அஞ்சு வரியும் அந்தக் கணக்குல சேர்ந்துடுது. அதைத் தூக்கி டிவ்வுக்கு வெளியே போடுங்க. அப்பவும் நூல் அளவு தள்ளி இருந்தா, புள்ளியோட நடுவுக்குப் பதிலா இடது மேல் மூலை அங்க உக்காந்திருக்குன்னு அர்த்தம். டிரான்ஸ்ஃபார்ம்ல ரெண்டு பக்கமும் மைனஸ் 50 சதவீதம் நகர்த்துங்க.

குடியாத்தம்_லுங்கி

இதுக்கெல்லாம் கோடு எழுதணுமா? லூமின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதுல ஹெச்ஃபைவ்பி இமேஜ் ஹாட்ஸ்பாட்னு படத்துல புள்ளி வைக்கிற வசதி இருக்கு, அதை எடுத்துப் படத்துல கிளிக் பண்ணா போதும். அது சதவீதத்துலதான் இடம் வைக்கும். ஒரே எச்டிஎம்எல் ஃபைலா சேமிக்கலாம், பள்ளியில நெட் இல்லாதப்பவும் திறக்கும்.

ஒருத்தரை ஒருத்தர் அழிக்கிறதுக்கு: பிள்ளைங்களைப் படத்து ஃபைல் பக்கமே விடாதீங்க. ஒரு கூகுள் ஷீட். ஆளுக்கு ஒரு வரிசை: பேருக்குப் பதில் ஒரு எண், இடம், எழுத்து, ஆடியோ ஃபைல் பேர். அவங்க வரிசையை அவங்க மட்டும். கடைசியில ரெண்டு பேர் உக்காந்து படத்துல ஏத்தணும்.

பாலாறு_1990

வாய்ஸ் நோட் விஷயம்: வாட்ஸ்அப்ல வர்றது ஓபஸ் வகை. சில ஐபோன் பிரௌசர்ல அது வாயே திறக்காது. விஎல்சி பிளேயர்லயே எம்பி3 ஆ மாத்தலாம். பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் தாராளம், ஒரு நிமிஷம் அரை எம்பிதான் வரும்.

படத்தை தூத்துக்குடிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினா அது சுருக்கிடும், டாக்குமெண்டா அனுப்புங்க. ஆனா டாக்குமெண்டா போனா போட்டோவுக்குள்ள இருக்கிற லொகேஷனும் கூடவே போகும். சந்தைக்குப் பரவாயில்ல, ஊருக்கே தெரிஞ்ச இடம். பிள்ளைங்க வீட்டுல எடுத்த படம் ஏதாவது சேர்த்திருந்தா லொகேஷனை எடுத்துட்டு அனுப்புங்க.

எட்டாம்வகுப்பு_டீச்சர்

ரெண்டு வீட்டுப் படம் இருக்கு. ஒன்னு இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்த் தோட்டம், 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதே, அது. நல்லவேளை சொன்னீங்க.

எட்டாம்வகுப்பு_டீச்சர் (வியாழன், இரவு 10.05)

எல்லாம் சரியாயிடுச்சு. நன்றி வரியை வெளியே தூக்கினதும் புள்ளிங்க தானா மேல ஏறி உக்காந்துச்சு. லூமியையும் பார்த்தேன், சுலபமாத்தான் இருக்கு. ஆனா 31 வகுத்தல் போட்ட பிள்ளைங்க "நாங்க செஞ்சதுதான் போகணும்"னு பிடிவாதம். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

ஒரு புள்ளி மட்டும் இன்னும் பாய்லர் மேல இருக்கு. அது டீக்கடைக்காரர் மகன் வச்சது, விட்டுட்டேன்.

துண்டுப் புள்ளியைப் பத்திக் கேட்டிருந்தாங்க சிலர் தனியா. தரகரும் வாங்கறவரும் துண்டுக்கு அடியில கையைப் பிடிச்சு விலை பேசறாங்களே, அது. "துண்டை எடுத்துக் காட்டுங்க"ன்னு ஒரு பையன் கேட்டதுக்கு, "எடுத்தா என் தொழிலு இன்னா ஆவறது?"ன்னு தரகர் சிரிச்சுட்டார். அந்தச் சிரிப்பைத்தான் ஆடியோவா வச்சிருக்கோம். ஒரு விரலைப் பிடிச்சா ஆயிரமா பத்தாயிரமான்னு எப்படித் தெரியும்னு கேட்டதுக்கு, "மாட்டைப் பார்த்தா தெரியாதா?"ன்னார்.

தூத்துக்குடிக்கு முன்னோட்டமா இன்னைக்கே அனுப்பினேன். அரை மணியில அங்கிருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கு: "துண்டு கொண்டு வர மறந்துட்டா என்ன செய்வாங்க?" எங்க வகுப்புல யாருக்கும் தெரியல. செவ்வாய்க்கிழமை பொய்கை பக்கம் போறவங்க யாராவது கேட்டுச் சொல்ல முடியுமா?

ராணிப்பேட்டை_ராஜா

நான் போறேன் டீச்சர். கேட்டுட்டு வந்து போடறேன்.