புதுப்பிப்பு: கொல்லையில் கட்டிய வள்ளம் தண்ணீரில் இறங்கியது

14 அடி வள்ளத்தின் பலகை இடுக்குகளில் வெளிச்சம் தெரிகிறது என்று போன முறை புலம்பியிருந்தேன். பக்கத்து ஊர் ஓடாவி (படகு கட்டும் தச்சர்) வந்து பார்த்துச் சிரித்தார்: "மாசக்கணக்கா வெயில்ல காயப் போட்டா பலகை சுருங்காதா தம்பி?"

பஞ்சுத் திரியை இடுக்கில் இறுக்கி அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினோம். வீடு முழுக்க பூஜை அறை வாசனை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் வள்ளத்தை வெளியே எடுக்க வாசல் பத்தவில்லை. மதிலை ஒரு பக்கம் இடித்தோம். (முன்னாடியே அளக்காதது என் தப்புதான்.)

இறக்கிய அன்று உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். கரையோரம் கட்டிப் போட்டதில், இரண்டே நாளில் மரம் ஊறி உப்பி, கசிவு அடங்கிவிட்டது. ஓர் ஆணிக்குழியில் மட்டும் இன்னும் சொட்டுகிறது.

பாய் கட்டவில்லை. பருமலுக்கு (பாயைத் தாங்கும் குறுக்குக் கம்புக்கு) வாங்கிய மூங்கில் கோணல். வேறு பார்க்க வேண்டும்.