கொடி பிடிக்கும் பிள்ளைகளைப் பழக்கிய அனுபவம்

13, 14 வயதுப் பிள்ளைகளைக் கால்பந்து உதவி நடுவர்களாகப் பழக்கியவர்கள் உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

நான் சைகைகளில் தொடங்கினேன். அவை ஒரே மாலையில் வந்துவிட்டன. கார்னர் என்றால் கொடி தாழ்ந்து மூலையைக் காட்டும். கோல் கிக் என்றால் கோல் பகுதியைக் காட்டும். மாற்று ஆட்டக்காரர் என்றால் இரு கைகளாலும் தலைக்கு மேல் கிடையாகப் பிடிக்க வேண்டும். வராதது நிற்கும் இடம்தான். ஆஃப்சைடு நிலையை, அதாவது சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் நொடியில் எதிரணியின் பாதியில் ஒருவர் பந்தையும் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரரையும் தாண்டிக் கோலுக்கு அருகில் நிற்கிறாரா என்பதை, சரியாகப் பார்க்க அந்த இடம் வேண்டும். கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேராக நில், பந்து அவரையும் தாண்டிப் போனால் பந்துக்கு நேராக நில் என்று சொல்லும்போதெல்லாம் தலையாட்டுவார்கள். ஆட்டம் தொடங்கியதும் இரண்டடி பின்தங்கியிருப்பார்கள்.

ஒரு நாள் பேச்சை விட்டுவிட்டு, மைதானத்தின் குறுக்கே மூன்று கம்புகளை ஒரே நேர்கோட்டில் ஊன்றினேன். நடுக்கம்பு தடுப்பாட்டக்காரர், மற்ற இரண்டும் எதிரணியினர். பக்கக்கோட்டில் சரியாக நின்ற சிறுவனுக்கு ஒரே கம்புதான் தெரிந்தது. நடுக்கோட்டின் பக்கம் ஓர் அடி தள்ளி நிற்கச் சொன்னேன். அருகிலிருந்த கம்பு கோலை நோக்கி முன்னேறியது போலவும், தொலைவிலிருந்தது பின்வாங்கியது போலவும் தெரிந்தன. "கம்பு அசையவே இல்லையே, நான்தானே அசைந்தேன்?" என்று கேட்டான். அவ்வளவுதான். பின்தங்கி நின்றால் அருகில் ஓடுபவர்மீது ஆஃப்சைடு என்று தவறாகக் கொடி எழும், எட்டத்தில் ஓடுபவர் தப்பிவிடுவார் என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகுதான் கால்களுக்கு வந்தோம். ஆட்டம் மெதுவாக நகரும்போது முகம் மைதானத்தைப் பார்த்தபடியே பக்கவாட்டில் அடி வைக்க வேண்டும். வேகம் பிடித்தால் திரும்பி ஓடியே ஆக வேண்டும்.

—

ஐயா, அந்தக் கம்புப் பயிற்சியை நானும் செய்து பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் நான் பட்ட பாடு வேறு: அவசரம்.

ஓர் ஆட்டத்தில் முன்னோக்கி ஒரு நீண்ட பாஸ். ஆஃப்சைடு நிலையில் ஒருவன் நின்றிருந்தான். எங்கள் சிறுமி உடனே கொடியைத் தூக்கிவிட்டாள், நடுவரும் விசில் ஊதிவிட்டார். ஆனால் அவன் பந்தின் பக்கமே போகவில்லை. பின்னாலிருந்து சரியான நிலையில் ஓடிவந்த இன்னொருவன் பந்தை எடுத்துக் கோலுக்குள் அடித்திருந்தான். அந்த நிலையில் நிற்பது மட்டுமே குற்றமாகாது, ஆட்டத்தில் தலையிட வேண்டும் என்று வகுப்பில் ஒப்பித்தவள் அவள். இடைவேளையில் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. விதியைச் சொல்லிக்கொடுத்த நான், பொறுக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது பயிற்சியில் கண் தடுப்பாட்டக்காரரின் வரிசையில் இருக்கும். பந்தை உதைக்கும் ஒலியைக் காது பிடிக்கும். அந்த நொடியில் யார் எங்கே நின்றார் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பந்தை யார் ஆடுகிறார் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கொடி. முதல் வாரம் கொடிகள் மிகவும் தாமதமாக எழுந்தன. அதை நான் திருத்தவில்லை, தானாகச் சரியானது.

த்ரோ-இன்னிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை என்பதை மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் சொல்கிறேன். அதைத்தான் மறக்கிறார்கள்.

—

நான் விசில் ஊதுபவன். என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பந்து மேல்கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து, வெளியே துள்ளிவிட்டது. என் இளம் உதவி நடுவர் சரியாகக் கோல் கோட்டிலேயே இருந்தான், பார்த்துவிட்டான். கோல் என்று காட்ட நடுக்கோட்டை நோக்கி ஓடினான். நானோ பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆட்டம் தொடர்ந்தது. இப்படிப் பந்து திரும்பி வந்துவிட்டால் முதலில் கொடியை உயர்த்தி என் கவனத்தைப் பிடிக்க வேண்டும், விசில் கேட்ட பிறகுதான் ஓட வேண்டும். இதை ஆட்டத்துக்கு முன் அவனிடம் பேசியிருக்க வேண்டியவன் நான். இப்போது பத்து நிமிடமாவது மூவரும் நின்று பேசாமல் களத்தில் இறங்குவதில்லை. ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு முறையும் இருவர் பக்கமும் ஒரு பார்வை பார்க்கிறேன்.

இன்னொன்று. ஒரு பயிற்சியாளர் பக்கக்கோட்டில் நின்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த த்ரோ-இன்னுக்குக் கொடி பாதி உயர்ந்து நின்றுவிட்டது. துணி நடுங்குவது எனக்குத் தெரிந்தது. போய் அவருக்கு மஞ்சள் அட்டை காட்டினேன். 2019 முதல் அணி அதிகாரிகளுக்கும் அட்டை காட்ட விதி இடம் தருகிறது. பிள்ளையைத் தாங்கிக்கொள்ளச் சொல்வதைவிட, அவனுக்கும் அந்தக் குரலுக்கும் நடுவில் நாம் போய் நிற்பதே சரி என்று நினைக்கிறேன்.

—

கொடி பாதியில் நின்றது என்று படித்ததும் நெஞ்சு கனத்தது. எங்கள் ஆட்டங்களிலும் அப்படிப் பார்த்திருக்கிறேன், பயிற்சி போதவில்லை என்றே எண்ணிவந்தேன். வரும் வாரம் பெனால்டியின்போது கோல் கோடும் பெனால்டி பகுதியும் சந்திக்கும் இடத்தில் நிற்கப் பழக்குகிறேன். அங்கே நிற்கும்போது பிள்ளைகள் கோல் கோட்டைப் பார்க்காமல் உதைப்பவரையே பார்த்துவிடுகிறார்கள். இதற்கு யாராவது பயிற்சி வைத்திருந்தால் எழுதுங்கள்.