புதுப்பிப்பு: தெபுஸ்ஸியின் 'லா மேர்', ஒரு பதிவில் மட்டும் டிரம்பெட் கேட்காதது ஏன்?

பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் 'லா மேர்' (கடல்) என்ற ஆர்கெஸ்ட்ரா இசைக்கு என்னிடமுள்ள இரண்டு பதிவுகளில் ஒன்றில் மட்டும் கடைசிப் பகுதியில் டிரம்பெட்டும் ஹார்னும் முழங்குகின்றன, மற்றதில் இல்லை, குறுந்தகடு பழுதா என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

தகடு நன்றாகத்தான் இருக்கிறது. வேறு பிளேயரிலும் அதே நிலைதான். இசைக்குறிப்பு அச்சான ஆண்டைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. 1905 முதல் பதிப்பில், 63ஆம் எண்ணுக்கு (ஒத்திகையில் இடம் காட்ட இசைக்குறிப்பில் இடும் எண்) எட்டு பார் (தாளக் கட்டம்) முன்னால் அந்த முழக்கம் இருக்கிறது. 1909 திருத்தப் பதிப்பில் தெபுஸ்ஸியே அதை எடுத்துவிட்டார். சில இசை நடத்துநர்கள் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எதிர்பாராத ஒன்று: குறை என்று நினைத்த பதிவுதான் இப்போது அதிகம் பிடிக்கிறது. முழக்கம் விலகியதும் அடியில் கொந்தளிக்கும் கடல் அப்படியே காதில் விழுகிறது.