திங்கட்கிழமை மஞ்சள் சட்டை

பாங்காக்கில் நான் வேலைக்குச் சேர்ந்தது 2019 ஜூலையில். முதல் திங்கட்கிழமை, ஊரிலிருந்து கொண்டுபோன கருநீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். லிஃப்ட் கதவு திறந்தால் உள்ளே நின்ற ஆறு பேரும் மஞ்சள். மேலே போனால் அங்கேயும் மஞ்சள். ஏதோ விசேஷம், நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து சீட்டு அக்காதான் விளக்கினார். (வயதில் மூத்தவர் ஆணோ பெண்ணோ, 'பீ' என்று கூப்பிட வேண்டும். முதல் நாளே கற்றுக்கொண்ட சொல்.) தாய்லாந்தில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம் உண்டு. திங்களுக்கு மஞ்சள். மறைந்த மன்னர் பூமிபோல் பிறந்தது திங்கட்கிழமை, இப்போதைய மன்னரும் அப்படியே. அந்த மே மாதம்தான் முடிசூட்டு விழா முடிந்திருந்தது, ஜூலை 28 பிறந்தநாள். ஊரே மஞ்சளாக இருந்ததில் ஆச்சரியமில்லை. நமக்கு மஞ்சள் என்றால் வியாழக்கிழமை, குரு பகவான், கொண்டைக்கடலை மாலை. இவர்களுக்கு வியாழன் ஆரஞ்சு. புதனுக்குப் பச்சை என்பதில் சண்டையில்லை.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மத்தியானம் பீ என்னைச் சீலோம் சாலை 5ஆம் சந்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆபீஸ்காரர்களுக்கான சந்தை அது. பெயர் 'லலாய் சாப்', அதாவது காசைக் கரைக்கும் இடம். அந்த 'சாப்' நம்முடைய திரவியம்தானாம், வடமொழி வழியாகப் போய் இப்படித் தேய்ந்திருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் பெண்கள் பாவாடையை இடுப்பில் வைத்து அளவு பார்க்க, ஒரு முழம் தள்ளி எண்ணெயில் மீன் பொரிகிறது. தாய்லாந்துக் காசு 150 பாட் கொடுத்து ஒரு மஞ்சள் காலர் பனியன் வாங்கினேன்.

அப்புறம் நூடுல்ஸ் கடை. மேசையில் நான்கு சின்ன ஜாடிகள்: மிளகாய்த்தூள், மிளகாய் மிதக்கும் வினிகர், 'நாம் ப்லா' என்கிற மீன் சாறு, நான்காவது சர்க்கரை. காப்பிக்காக இருக்கும் என்று நினைத்தேன். பீ அதில் நிதானமாக இரண்டு கரண்டி எடுத்து, ஆவி பறக்கும் சூப்பில் போட்டுக் கலக்கினார். யாரோ ரசத்தில் சீனி போடுவதைப் பார்த்தது மாதிரி இருந்தது. "போட்டுப் பார்" என்றார். அரைக் கரண்டி போட்டேன். வினிகரின் புளிப்பும் மிளகாயும் அடங்கி, சரி, நன்றாகத்தான் இருந்தது. இப்போது நானும் இரண்டு கரண்டி.

அன்று சாயங்காலம் பனியன் பையோடு சாலாடேங் ரயில் ஸ்டேஷன் படியேறிக்கொண்டிருந்தேன். திடீரென்று முன்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார், நான் அவர் முதுகில் முட்டினேன். ஆறு மணி, தேசிய கீதம். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ஒலிக்கும். முடியும்வரை படிக்கட்டு முழுக்கச் சிலை மாதிரி நின்றது. மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தபோது கூட்டம் மறுபடி நகர்ந்துவிட்டது, அவரையும் காணோம்.

*

(இதைப் படித்துவிட்டு, பாங்காக்கில் இருக்கும் இன்னொருவர் எழுதியது:)

உங்கள் மஞ்சள் சட்டைக் கதையைப் படித்தேன். உங்களுக்குச் சட்டை, எனக்குச் செருப்பு. பாங்காக் நடைபாதையில் மழை விட்ட பிறகு ஆடுகிற கல் ஒன்றை மிதித்தால் அடியில் தேங்கிய தண்ணீர் முழங்கால்வரை பீய்ச்சும். முதல் வாரமே புது ஷூ போச்சு. அப்புறம்தான் கவனித்தேன், ஆபீஸ் பெண்கள் ரப்பர் செருப்போடு மோட்டார்சைக்கிள் டாக்சியில், பாவாடை கட்டிய கால்களை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டபடி வந்து இறங்குகிறார்கள். குதிகால் செருப்பெல்லாம் மேசைக்கு அடியில் வரிசையாகக் குடியிருக்கிறது.

சைவக்காரர்களுக்கு ஒன்று. இறைச்சி என்பதற்கு அகராதியில் 'நுவா' என்று பார்த்துவிட்டு, "நுவா சாப்பிட மாட்டேன்" என்று தாய் மொழியில் அழகாகச் சொன்னேன். கடைக்காரம்மா தலையாட்டிவிட்டுப் பன்றிக்கறி போட்டுக் கொடுத்தார். பேச்சு வழக்கில் நுவா என்றால் மாட்டுக்கறி! கேட்க வேண்டிய சொல் 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை என்றால் முட்டை, பால், மீன் சாறு எதுவும் இராது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. வருடத்தில் ஒன்பது நாள் ஜே திருவிழா வரும், பல ஆண்டுகளில் அது நம் நவராத்திரியோடு ஒட்டியே வரும். அப்போது எனக்கு ராஜ வாழ்க்கை.

சீலோமில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போக டாக்சிக்காரரிடம் மாரியம்மன் என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், விழித்தார். 'வாட் கேக்' என்றதும் வண்டி கிளம்பியது. வாட் என்றால் கோயில், கேக் என்றால் விருந்தாளி, நம்மைப் போன்றவர்களுக்கும் அதே பெயர்தான். தெருவில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பார்களே, அதற்கும் 'க்லுவாய் கேக்', விருந்தாளி வாழை. கோயிலிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஒரு பை வாங்கிவிடுவேன். வீட்டுக்கு வரும்போது பாதிதான் இருக்கும்.