ரிசீவரில் இத்தனை சவுண்ட் மோடு, எதற்கு எதை வைப்பது?

ஈரோடு_பிரபு:

வணக்கம். புது வீட்டு ஹாலில் 5.1 செட் போட்டிருக்கிறேன். ஹால் 12-க்கு 16 அடி. முன்னால் இரண்டு டவர், டிவிக்குக் கீழே சென்டர், சோபாவுக்கு இரண்டு பக்கமும் சின்ன ஸ்பீக்கர், மூலையில் சப்வூஃபர். மைக் வைத்து ஆடிசி (அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் வசதி) அளவும் எடுத்தாயிற்று.

ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவரின் ரிமோட்டில் மூவி, மியூசிக், கேம், ப்யூர் என்று நாலு பட்டன். ஒவ்வொன்றையும் அமுக்க அமுக்க உள்ளேயிருந்து பட்டியல் வந்துகொண்டே இருக்கிறது. ஓடிடியில் படம் பார்க்கும்போது மல்டி சேனல் ஸ்டீரியோ வைத்தால்தான் பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் நன்றாகப் பேசுகின்றன. ஆனால் வசனமும் காதுக்குப் பக்கத்திலேயே வருகிறது. டால்பி சரவுண்ட் வைத்தால் அங்கே லேசான முணுமுணுப்புதான். இதற்கிடையில் மாமியார், "சீரியல்ல பேசறது ஒண்ணும் புரியல, டிவி சவுண்டே தேவலாம்" என்கிறார். டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு வருகிறது, செட்டாப் பாக்ஸ் நேராக ரிசீவரில். எதற்கு எந்த மோடு என்று யாராவது சொல்லுங்கள்.

மதுரை_வால்வு:

தம்பி, அந்த நாலு பட்டனைச் சொன்னதுமே டெனானோ மராண்ட்ஸோ கம்பெனி ரிசீவர் என்று தெரிந்துவிட்டது. ரிமோட்டைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். ஓடிடி படம் ஓடும்போது ரிசீவர் முகப்பில் ஸ்டேட்டஸ் பட்டனை அமுக்கி, உள்ளே என்ன சிக்னல் வருகிறது என்று பாருங்கள். பிசிஎம் (சுருக்கிக் குறியிடாத டிஜிட்டல் ஒலி) என்று காட்டினால் கதை அங்கேயே முடிந்தது. ஏஆர்சி வழியாக பிசிஎம் இரண்டு சேனல்தான் வரும். படம் 5.1-இல் இருந்தாலும் டிவியே அதை இரண்டாகச் சுருக்கி அனுப்புகிறது. அதற்கு மேல் எந்த மோடு வைத்தாலும் ரிசீவர் ஊகித்துத்தான் பிரிக்க வேண்டும். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை பாஸ்த்ரூ (வந்ததை அப்படியே அனுப்புவது) அல்லது ஆட்டோ என்று மாற்றுங்கள். டால்பி டிஜிட்டல் பிளஸ் (ஓடிடி படங்களின் 5.1 ஒலி வடிவம்) என்று வந்துவிட்டால் பிறகு மோடைத் தொடவே வேண்டாம். எந்த ஸ்பீக்கரில் எது வர வேண்டும் என்று மிக்ஸ் செய்தவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். ப்ளூ-ரே பிளேயர் வாங்கினால் அதை டிவியில் சொருகாதீர்கள், நேராக ரிசீவருக்குக் கொடுங்கள். ப்ளூ-ரேயில் வரும் ட்ரூஎச்டி (தரம் குறையாத டால்பி ஒலி) எல்லாம் சாதாரண ஏஆர்சியில் ஏறாது, அதற்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும்.

மோடு தேர்வு என்பது இரண்டு சேனல் சரக்குக்குத்தான். அங்கே டால்பி சரவுண்ட் நல்ல வேலைக்காரன். இடது, வலது இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதைப் பிரித்தெடுத்து சென்டருக்கு அனுப்பும், மீதியில் கொஞ்சத்தைப் பக்கவாட்டில் கசியவிடும். முணுமுணுப்பு என்றீர்களே, அது அப்படித்தான் இருக்க வேண்டும். மல்டி சேனல் ஸ்டீரியோ எதையும் பிரிக்காது, முன்னால் வருவதையே எல்லா ஸ்பீக்கருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கும்.

மாமியார் விஷயம் கொஞ்சம் பெரியது. செட்டாப் பாக்ஸுக்கும் டால்பி சரவுண்டே வையுங்கள், பேச்சு சென்டரில் வந்து உட்காரும். அப்புறம் ஆப்ஷன் பட்டனுக்குள் சேனல் லெவல் இருக்கும், அதில் சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். இது ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாகப் பதிவாகும், உங்கள் படத்தைக் கெடுக்காது. அடுத்த ஆள் ஆடிசி டைனமிக் இக்யூ. வால்யூம் குறைவாக இருக்கும்போது பாஸையும் பக்கவாட்டு ஸ்பீக்கரையும் தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. படத்துக்கு நல்லது. சீரியலில் ஆள் திரும்பிப் பார்த்தாலே டமார் டமார் என்று அடிக்கிறார்களே, அந்த இசையும் சேர்ந்து தூக்கும். அந்தத் தூக்கலைக் குறைக்கும் ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்டை 15 டெசிபல் வையுங்கள், இல்லையென்றால் அந்த இன்புட்டில் அணைத்தே விடுங்கள்.

பாட்டுக்கு நான் வைப்பது வெறும் ஸ்டீரியோ. ப்யூர் டைரக்ட் (ஒலியில் எதையும் திருத்தாமல் விடும் மோடு) என்றால் உசத்தி என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் டைரக்ட் வகை மோடுகளில் ஆடிசி திருத்தம் விலகிவிடும். 12-க்கு 16 அடி அறையில் பாஸ் மூலையில் முட்டி மோதும், அந்தத் திருத்தம் இருப்பதே மேல். பழைய மோனோ பாட்டுகளுக்கு டால்பி சரவுண்ட் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் ஒன்றேதான் என்பதால் மொத்தப் பாட்டையும் சென்டருக்குள் திணித்துவிடும். பெரிய டவர் இரண்டும் சும்மா நிற்க, டிவிக்குக் கீழே இருக்கும் குட்டி ஸ்பீக்கர் ஒன்று டி.எம்.எஸ். குரலைத் தூக்கிக்கொண்டு திணறும்.

ராக் அரீனா, ஜாஸ் கிளப் எல்லாம் கடைக்காரர் டெமோ காட்டுவதற்கு. நம்மிடம் இருப்பது யமஹா. அதில் ஹால் இன் மியூனிக், ஹால் இன் வியன்னா என்று நிஜ அரங்குகளில் அளவெடுத்துச் செய்த மோடுகள் இருக்கின்றன. மியூனிக்கில் நாதஸ்வரம் போட்டேன். அசல் கல்யாண மண்டபம், சாம்பார் வாசனை மட்டும்தான் பாக்கி.

சிங்கை_மாலதி:

வால்வு அண்ணன் மல்டி சேனல் ஸ்டீரியோவை இப்படி ஒரேயடியாக ஒதுக்கக் கூடாது. வீட்டில் இருபது பேர் கூடி, ஆளுக்கொரு மூலையில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது வேறு எந்த மோடு உதவும்? ஸ்டீரியோவில் வைத்தால் டவர் பக்கத்தில் நிற்பவர் கத்திப் பேச வேண்டும், சமையலறையில் நிற்கும் எனக்கு ஒன்றும் கேட்காது. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அதுதான் ஓடும்.

பிரபு, இன்னொன்று. குயிக் செலக்ட் பட்டன்களைப் பயன்படுத்துங்கள். செட்டாப் பாக்ஸ், மோடு, வால்யூம் எல்லாவற்றையும் சரியாக வைத்துவிட்டு 2-ஐ அழுத்திப் பிடித்தால் மெமரி என்று காட்டிப் பதிவு செய்துகொள்ளும். மாமியாருக்கு அந்த ஒரு பட்டன் போதும், மீதி ரிமோட்டை அவர் பார்க்கவே வேண்டாம்.

ஈரோடு_பிரபு:

அண்ணா, பிசிஎம்தான் காட்டியது! டிவியில் பாஸ்த்ரூ வைத்ததும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வந்துவிட்டது. மழை வரும் காட்சியில் பக்கத்தில் மழை, வசனம் முன்னால். மல்டி சேனல் ஸ்டீரியோவை மாலதி அக்கா சொன்ன மாதிரி விசேஷத்துக்கு ஒதுக்கிவிட்டேன். மாமியாருக்குக் குயிக் செலக்ட் 2, சென்டர் 3 டெசிபல் ஏற்றம், டைனமிக் இக்யூ ஆஃப். வசனம் புரிகிறதாம். இப்போது புதுப் புகார்: விளம்பரம் வந்தால் காது கிழிகிறது.

மதுரை_வால்வு:

ஆடிசியிலேயே டைனமிக் வால்யூம் என்று இன்னொன்று இருக்கும், லைட், மீடியம், ஹெவி. சத்தம் ஏறினால் இறக்கும், இறங்கினால் ஏற்றும். மீடியம் வைத்துவிட்டு மறுபடியும் 2-ஐ அழுத்திப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். அதைப் போட்டால் டைனமிக் இக்யூ கூடவே எழுந்து வந்துவிடும், அதனால் ஆஃப்செட் 15 என்று மறக்காமல் வையுங்கள். படத்துக்கு மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள், வெடிகுண்டும் கிசுகிசுப்பும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும்.