லெம்மியில் ஒரே பெயரில் மூன்று கம்யூனிட்டி: எதில் சேருவது?

தறிநாடா:
ரெடிட்டை விட்டு லெம்மி பக்கம் (ரெடிட் மாதிரியேதான், ஆனா பல தனித்தனி சர்வர்கள் இணைஞ்சு ஓடுது) வரலாம்னு இருக்கேன். "டெக்னாலஜி"ன்னு தேடினா லெம்மி.வேர்ல்டு, பீஹா.ஆர்க், லெம்மி.எம்எல்னு மூணு சர்வர்லயும் அதே பெயர்ல கம்யூனிட்டி வருது. ஆள் அதிகமா இருக்கிறதுல சேர்ந்தா போதுமா? அக்கவுன்ட்டும் அதே சர்வர்லதான் திறக்கணுமா? அப்பப்போ தமிழ்லயும் எழுதற எண்ணம் இருக்கு.

வலைப்பின்னல்:
நீங்க கேட்டிருக்கிறது ரெண்டு கேள்வி. கம்யூனிட்டி எங்கே குடியிருக்கு என்பது ஒண்ணு, உங்க அக்கவுன்ட் எங்கே குடியிருக்கு என்பது இன்னொண்ணு. ரெண்டும் ஒரே சர்வர்ல இருக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆனா அந்த ரெண்டு சர்வருக்கும் பேச்சுவார்த்தை இருக்கணும்.

2023 ஜூன்ல, ரெடிட்டிலிருந்து கூட்டம் வந்த சமயம், பீஹா சர்வர் லெம்மி.வேர்ல்டையும் ஷ்.இட்ஜஸ்ட்.வொர்க்ஸையும் துண்டிச்சுது. யார் வேணும்னாலும் உடனே பதிவு பண்ணலாம்னு திறந்து வெச்சிருந்த ரெண்டு பெரிய சர்வர்லேர்ந்து வந்த தொல்லையை, கையிலிருந்த நாலைஞ்சு பேரை வெச்சு சமாளிக்க முடியலைங்கிறதுதான் காரணம். அப்புறம் நடந்ததைப் பாருங்க. லெம்மி.வேர்ல்டில் அக்கவுன்ட் வெச்சிருந்தவங்களுக்கு பீஹா கம்யூனிட்டியின் பழைய நகல் அப்படியே தெரிஞ்சுது. பதிவும் போட முடிஞ்சுது, பதிலும் வந்துது. ஆனா அந்தப் பதில் எல்லாம் லெம்மி.வேர்ல்டு ஆட்களுடையது மட்டும். பீஹா பக்கம் ஒரு வரிகூடப் போய்ச் சேரலை. எந்த எர்ரரும் காட்டாது என்பதால பலருக்கு இது தெரியவே தெரியாது.

அதனால அக்கவுன்ட் திறக்கும் முன்னாடி, அந்த சர்வர் முகவரிக்குப் பின்னால /instances சேர்த்துத் திறங்க. அந்த சர்வர் எந்தெந்த சர்வரை பிளாக் பண்ணியிருக்குன்னு பட்டியல் வரும். நீங்க சேர நினைக்கிற கம்யூனிட்டியின் சர்வர்லயும் இதே மாதிரி பார்த்து, உங்க சர்வர் பெயர் அதுல இல்லைன்னு உறுதி பண்ணிக்கோங்க. ரெண்டு பக்கமும் பார்க்கணும்.

எண்ணிக்கை விஷயத்துக்கு வரேன். உங்க சர்வர் வழியா தெரியும் கம்யூனிட்டி பக்கத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. உங்க சர்வர்ல அதுவரைக்கும் யாருமே அதைப் பின்தொடரலைன்னா, கடைசி சில பதிவுகள் மட்டும் வரும், அதுவும் பின்னூட்டம் இல்லாம. செத்த கம்யூனிட்டி மாதிரி தெரியும். அதோட சொந்த சர்வருக்கே போய்ப் பக்கப்பட்டையைப் பாருங்க. மொத்த சந்தாதாரர் எண்ணிக்கையை விடுங்க, அதுல 2023-லயே ஓடிப்போனவங்களும் சேர்த்தி. ஒரு மாசத்துல எத்தனை பேர் பங்கெடுத்திருக்காங்க என்ற எண்தான் உயிர். அதையும் "ஆறு மாசம்" எண்ணோட ஒப்பிட்டா கூட்டம் கலையுதா தங்குதான்னு புரியும்.

இரவுப்பறவை:
மேலே சொன்னதோடு ஒரு மாற்றுக் கருத்து. ஆள் எண்ணிக்கையைவிட மாடரேஷன் பதிவேட்டை (எதை நீக்கினார்கள், யாரைத் தடை செய்தார்கள் என்ற பட்டியல்) முதலில் பார்க்க வேண்டும். லெம்மியில் அது எல்லாருக்கும் திறந்தது. சர்வர் முகவரிக்குப் பின்னால் /modlog என்று போட்டால் வரும், கம்யூனிட்டி வாரியாக வடிகட்டலாம். பின்னூட்டம் நீக்கப்பட்டதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா, காரணம் கட்டம் காலியாகவே இருக்கிறதா, ஒரே கருத்துத் தரப்பினர் மட்டும் தொடர்ந்து தடை வாங்குகிறார்களா என்று இரண்டு பக்கம் புரட்டினாலே குணம் தெரிந்துவிடும். லெம்மி.எம்எல்-ஐ நடத்துவது லெம்மி மென்பொருளை எழுதியவர்களேதான். அங்கே அரசியல் பேச்சுக்கு நடக்கும் மாடரேஷன் பற்றிப் பல வருடங்களாகச் சண்டை உண்டு. ஊர்ப்பேச்சை நம்பாமல் பதிவேட்டைப் படித்து நீங்களே முடிவெடுங்கள்.

மாடரேட்டர் பெயரைச் சொடுக்கி அவருடைய கடைசிப் பதிவு எப்போது என்றும் பாருங்கள். ஒரே மாடரேட்டர், அவரும் மாதக்கணக்கில் ஆளைக் காணோம் என்றால், முதல் ஸ்பாம் அலையிலேயே அந்த இடம் குப்பையாகிவிடும்.

பீஹாவைப் பற்றி: அங்கே டவுன்வோட் (பிடிக்காத பதிவுக்கு எதிர் ஓட்டு) கிடையாது, அக்கவுன்ட் திறக்க விண்ணப்பம் எழுத வேண்டும். பேச்சு நிதானமாக இருக்கும். சூடான விவாதம் வேண்டுமென்றால் அது உங்களுக்கான இடம் இல்லை.

வலைப்பின்னல்:
ஒத்துக்கறேன், மாடரேட்டர் விஷயம் நான் விட்டது.

சர்வரின் ஆயுளையும் சேர்த்துக்கணும். லெம்மியில் கம்யூனிட்டியை வேற சர்வருக்கு அப்படியே தூக்கிட்டுப் போக முடியாது. லெம்.ஈஈ நல்லா ஓடிட்டிருந்த சர்வர். நடத்தினவங்க சோர்ந்துபோய் 2025 ஜூன் கடைசியில மூடினாங்க. அங்கே இருந்த கம்யூனிட்டி எல்லாம் வேற இடத்துல புதுசா ஆரம்பிக்க வேண்டியதாச்சு. எஃப்எம்எச்ஒய் சர்வர் கதை வேற: மாலி நாட்டின் .எம்எல் முகவரியை வெச்சிருந்தாங்க, 2023 ஜூலையில அந்த முகவரியே பறிபோச்சு. சர்வர் நல்லா இருந்தும் பெயர் போனா எல்லாம் போச்சு. அதனால எத்தனை அட்மின் இருக்காங்க, செலவுக் கணக்கை வெளியில போடறாங்களா, முகவரி எந்த நாட்டு டொமைன், இது மூணையும் பாருங்க.

உங்க அக்கவுன்ட்டுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கு. லெம்மி மென்பொருளின் 0.19 பதிப்பிலிருந்து அமைப்புகள் பக்கத்துல ஏற்றுமதி பொத்தான் உண்டு. பின்தொடரும் கம்யூனிட்டி, சேமிச்ச பதிவு, பிளாக் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பா இறங்கும். புது சர்வர்ல அதை இறக்குமதி பண்ணலாம். நீங்க எழுதின பதிவும் பின்னூட்டமும் வராது. அப்பப்போ இறக்கி வெச்சுக்கோங்க, சர்வர் படுத்த பிறகு அந்தப் பொத்தானும் கிடைக்காது.

தறிநாடா:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. ஒரு சின்ன சர்வர்ல அக்கவுன்ட் திறந்துட்டேன். லெம்மி.வேர்ல்டு டெக்னாலஜியை அங்கேர்ந்து தேடினா எதுவுமே வரலை. மொழி அமைப்புல தமிழ், ஆங்கிலம் ரெண்டை மட்டும் தேர்ந்தெடுத்தேன், அதுக்கப்புறம் முகப்புல பாதிக்கு மேல காணோம். ஏன்?

இரவுப்பறவை:
தேடலுக்கு: முதலில் லாகின் செய்திருக்க வேண்டும். லாகின் இல்லாமல் தேடினால் உங்கள் சர்வர் ஏற்கெனவே அறிந்த கம்யூனிட்டி மட்டும்தான் காட்டும். பெயரை மட்டும் போடாமல் ஆச்சரியக்குறி, கம்யூனிட்டி பெயர், @, சர்வர் பெயர் என்று முழு முகவரியையும் ஒட்டுங்கள். முதல் முறை சில விநாடி எடுக்கும், "முடிவு இல்லை" என்று வந்தாலும் கொஞ்சம் பொறுத்து மறுபடி தேடுங்கள். சந்தா "நிலுவையில்" என்றே நின்றுவிட்டால் விலகி, சற்று நேரம் கழித்து மீண்டும் சேருங்கள்.

மொழிக்கு: பட்டியலின் தலையில் "அன்டிடர்மின்ட்" (மொழி குறிக்காதது) என்று ஒன்று இருக்கும், அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலானோர் மொழியைக் குறிக்காமல்தான் பதிவு போடுகிறார்கள். அதை விட்டுவிட்டால் அத்தனையும் மறைந்துவிடும். இந்த அமைப்பை ஏன் இப்படி வைத்தார்களோ!

தமிழில் எழுதும்போது பதிவுக்குக் கீழே உள்ள மொழிப் பெட்டியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். "இந்த மொழிக்கு அனுமதி இல்லை" என்று வந்தால் அந்த கம்யூனிட்டியில் மொழியைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். மாடரேட்டருக்குச் செய்தி அனுப்பித் தமிழைச் சேர்க்கச் சொல்லலாம். அந்தச் செய்தி மறையாக்கம் செய்யப்படுவதில்லை, இரண்டு பக்க அட்மின்களும் படிக்க முடியும், அதற்கேற்றபடி எழுதுங்கள்.